எரிவாயு வண்டி: சிக்கல் எரிப்பதில் இல்லை, அடைத்துவைப்பதில் இருக்கிறது

வண்டிகளுக்கு இயற்கை எரிவாயு (சிஎன்ஜி) நிரப்பும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் காதில் விழும். நிரப்பி முடித்ததும் ஊழியர் வால்வைத் திருப்புவார், நாசிலைக் கழற்றுவார், அந்த நொடியில் ஒரு சின்ன 'புஸ்'. நாசிலுக்கும் வண்டியின் வாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட துளி வாயு வெளியேறுகிற சத்தம் அது. அளவில் ஒன்றுமே இல்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் இயற்கை எரிவாயு வண்டி சுத்தமானதா, பாதுகாப்பானதா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்ட நினைப்பது அந்தச் சத்தத்தைத்தான். ஏனென்றால் இந்த எரிபொருளின் சுற்றுச்சூழல் பிரச்சினையும் சரி, பாதுகாப்புப் பிரச்சினையும் சரி, இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. இந்த வாயுவை எரிப்பது எளிது. எரியும்வரை அதை ஓட்டையில்லாமல் பிடித்து வைப்பதுதான் கஷ்டம்.

இதைத் தனித்தனியாகப் பேசிப் பழகிவிட்டோம். பருவநிலை பற்றிப் பேசுகிறவர்கள் கார்பன் கணக்கு போடுகிறார்கள், வண்டி வாங்கப் போகிறவர்கள் 'வெடிக்குமா' என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதிலின் இரண்டு பக்கங்கள்தான் இருக்கின்றன.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். சாதாரண அழுத்தத்தில் ஒரு கார் டாங்க் அளவுக்கு மீத்தேனை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் போவதே கஷ்டம், அவ்வளவு பரவிக் கிடக்கிற வாயு. அதனால் அதை 200 முதல் 250 பார் அழுத்தத்தில் அமுக்கி சிலிண்டரில் அடைக்கிறார்கள், அதுதான் சிஎன்ஜி. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு, இரண்டரை பார் என்று வைத்துக்கொண்டால் இது அதைப் போல நூறு மடங்கு. இவ்வளவு அமுக்கியும் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் ஒரு லிட்டர் இடத்தில் அடங்குகிறது. இன்னொரு வழி, வாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துத் திரவமாக்குவது. அது எல்என்ஜி. கிட்டத்தட்ட 600 மடங்கு சுருங்கிவிடும். நீண்ட தூரம் போகும் லாரிகளுக்கு இது. ஆக, ஒன்று அதிக அழுத்தம், இல்லையென்றால் அதிகக் குளிர். இரண்டில் ஒன்றைச் சுமக்காமல் எரிவாயு வண்டி இல்லை.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு இதை ஏன் ஓட்டுகிறோம்? காரணம் நியாயமானது. மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் இருக்கின்றன. பெட்ரோல், டீசல் மூலக்கூறுகளில் கார்பனின் பங்கு இதைவிட அதிகம். அதனால் அதே அளவு வெப்பத்துக்கு மீத்தேன் எரியும்போது கார்பன் டை ஆக்சைடு குறைவாக வருகிறது. ஒரு மெகாஜூல் ஆற்றலுக்குப் பெட்ரோல் 70 கிராம் அளவில் விடுகிறது, டீசல் 74, மீத்தேன் 55. அதோடு கரிப்புகை மிகக் குறைவு, கந்தகம் ஏறக்குறைய இல்லை. பழைய டீசல் பேருந்துக்குப் பின்னால் நின்று மூச்சு முட்டியவர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் புள்ளிவிவரம் சொல்லி விளக்கத் தேவையில்லை.

டெல்லியில் நடந்தது இதற்கு உலகமே திரும்பிப் பார்த்த உதாரணம். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நகரப் பேருந்துகளை எல்லாம் சிஎன்ஜிக்கு மாற்றச் சொன்னது. இழுபறி, வாய்தா, நிரப்பு நிலையத்தில் மைல் கணக்கில் வரிசை என்று எல்லாம் நடந்து, 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துப் படை முழுவதும் மாறிவிட்டது. அந்தப் பேருந்துகளின் பின்னால் இருந்த கறுப்புப் புகை போனது உண்மை. மாற்றத்தின் ஆரம்பத்தில் சில பேருந்துகள் தீப்பிடித்ததும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்துப் பேச யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, ஒரு தரப்பு முதலாவதை மட்டும் சொல்லும், இன்னொரு தரப்பு இரண்டாவதை மட்டும்.

இனி அந்த 'புஸ்' சத்தத்துக்கு வருவோம்.

மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. எரியாமல் வெளியே போனால் அது மீத்தேனாகவே காற்றில் நிற்கும், சுமார் 12 ஆண்டுகள். அந்தக் காலத்தில் அது வெப்பத்தைப் பிடித்துவைக்கிற அளவு பயங்கரம். ஐநாவின் பருவநிலை நிபுணர் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி, நிலத்தடியிலிருந்து வரும் மீத்தேன் ஒரு கிலோ, 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 82 மடங்குக்கும் மேல் சூடேற்றுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 30 மடங்கு. எந்தக் கணக்கை எடுப்பது என்று நிபுணர்களுக்குள் சண்டை உண்டு. என்னைப் பொறுத்தவரை, இப்போது பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் காலம்தான் அந்த 20 ஆண்டு, அதனால் அதைத் தள்ளிவைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பேனா பேப்பர் போதும். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் கிடைக்கும் 50 மெகாஜூலைப் பெட்ரோலில் எடுத்திருந்தால் சுமார் 3.5 கிலோ வந்திருக்கும். மிச்சப்படுத்தியது முக்கால் கிலோ. இப்போது அந்த முக்கால் கிலோவை 82ஆல் வகுத்தால் வருவது 9 கிராம். அதாவது, ஒரு கிலோ வாயு கிணற்றிலிருந்து இன்ஜின்வரை வந்து சேருவதற்குள் 9 கிராம் வழியில் ஒழுகிவிட்டால், 20 ஆண்டுக் கணக்கில் பெட்ரோலைவிட நல்லது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 25 கிராம்வரை தாங்கும். கார் டிக்கியில் இருக்கும் 60 லிட்டர் சிலிண்டரில் 9 அல்லது 10 கிலோ வாயு பிடிக்கும், அப்படியென்றால் ஒரு முழு நிரப்புக்கு நமக்கு அனுமதி 90 கிராம் ஒழுகல்தான், கிணறு, குழாய், கம்ப்ரஸர், வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து.

இது சுருக்கமான கணக்கு என்பது தெரியும். பெட்ரோலைச் சுத்திகரிக்கவும் ஆற்றல் செலவாகிறது, அதைச் சேர்த்தால் எரிவாயுவுக்குக் கொஞ்சம் சாதகம். வாயுவை 250 பாருக்கு அமுக்க மின்சாரம் வேண்டும், அது மறுபக்கம். ஆனால் படம் மாறாது. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே கேள்வியை விரிவாகக் கணக்கிட்டபோது, பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்றினால் முதல் நாளிலிருந்தே பருவநிலைக்கு லாபம் கிடைக்க மொத்தக் கசிவு 1.6 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றும், டீசல் லாரியை மாற்றினால் 1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றும் வந்தது. லாரிக்கு வரம்பு கடுமையானதற்குக் காரணம் டீசல் இன்ஜினின் திறமை. ஒரே சுமையை இழுக்க அது குறைவான எரிபொருளைக் குடிக்கிறது, அதோடு போட்டி போடும் எரிவாயு இன்ஜினுக்குத் தவறு செய்ய இடம் கம்மி.

நிஜத்தில் எவ்வளவு கசிகிறது? 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, விமானத்திலும் தரையிலும் அளந்த அளவுகளைச் சேர்த்து, அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் தொடரிலிருந்து வெளியேறும் மீத்தேன் அந்நாட்டு வாயு உற்பத்தியில் 2.3 சதவீதத்துக்குச் சமம் என்று சொன்னது. அரசின் கணக்கைவிட இது 60 சதவீதம் அதிகம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அரசுக் கணக்கு, இத்தனை வால்வு இருக்கிறது, ஒவ்வொன்றும் சராசரியாக இவ்வளவு ஒழுகும் என்று பெருக்கிப் போடுவது. ஆனால் கசிவு அப்படிச் சராசரியாக நடப்பதில்லை. நூறு இடங்களில் தொண்ணூற்றைந்து ஒழுங்காக இருக்கும், மீதி ஐந்தில் டாங்க் மூடி திறந்து கிடக்கும், மிஞ்சும் வாயுவை எரித்துத் தீர்க்க வைத்த தீ அணைந்து வாயு அப்படியே கொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஐந்தை யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதன் உச்சம் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன். 2015 அக்டோபரில் அங்கே நிலத்தடி சேமிப்புக் கிணறு ஒன்றின் குழாய் உடைந்தது. அடைக்க 2016 பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் காற்றில் கலந்தது, பக்கத்துக் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வேறிடம் போக நேர்ந்தது. வண்டியே சம்பந்தப்படாத விபத்து இது. ஆனாலும் எரிவாயு வண்டி ஓட்டுகிறவரின் கணக்கில் இதுவும் ஒரு துளியாக வந்து சேருகிறது, ஏனென்றால் அவர் நிரப்பும் வாயுவும் இப்படிப்பட்ட குழாய்கள் வழியாகத்தான் வருகிறது.

இனி வண்டி. வண்டியிலும் மீத்தேன் எரியாமல் தப்பிப் போகிற வழிகள் இருக்கின்றன, அதில் பலருக்குத் தெரியாதது கிராங்க்கேஸ், அதாவது பிஸ்டன்களுக்குக் கீழே இருக்கும் இன்ஜினின் அடிப்பெட்டி. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எரியாத வாயு கீழே இறங்கும், எந்த இன்ஜினிலும் நடப்பதுதான். கார்களில் அதைத் திரும்ப இன்ஜினுக்கே உறிஞ்சவிடும் மூடிய அமைப்பு ரொம்ப காலமாக இருக்கிறது. பல கனரக எரிவாயு இன்ஜின்களில் அது நேராகக் காற்றில் திறந்திருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிவாயு லாரிகளையும் பேருந்துகளையும் நிரப்பு நிலையங்களையும் அளந்து 2017இல் வெளியிட்ட முடிவில், மீத்தேன் வெளியேறும் இரண்டு பெரிய இடங்கள் சைலன்சர் வாயும் கிராங்க்கேஸும்தான் என்று வந்தது. கிராங்க்கேஸை மூடிவிட்டால் அந்த ஒரு வழி அடைபடும். புதிய இன்ஜின்களில் மூடுகிறார்கள். சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியை யார் மூடுவது?

சைலன்சர் வழியாகப் போவதற்கு வேறு காரணம். மீத்தேன் பிடிவாதமான மூலக்கூறு, அதன் பிணைப்பை உடைக்க நிறைய வெப்பம் வேண்டும். பெட்ரோல் வண்டியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரியிலேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். மீத்தேனுக்கு 400 டிகிரிக்கு மேல் வேண்டும், பல்லேடியம் என்ற உலோகமும் கூடுதலாக வேண்டும், கொஞ்சம் கந்தகம் வந்தாலும் அந்தப் பல்லேடியம் மந்தமாகிவிடும். எனவே காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி முதல் சில நிமிடம் ஓட்டும்போது மீத்தேன் தாராளமாகப் போகும். டீசலையும் வாயுவையும் கலந்து ஓட்டும் இரட்டை எரிபொருள் மாற்றங்களில் இது இன்னும் மோசம், வாயு முழுக்க எரியாமலே வெளியே தள்ளப்படுவது அங்கே சாதாரணம். இதையெல்லாம் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, கண்ணுக்கும் தெரியாது. கறுப்புப் புகை இருந்தால் ஆளைக் கூப்பிட்டுத் திட்டலாம், மீத்தேனுக்கு நிறமே இல்லை.

நகரக் காற்றின் விஷயத்திலும் 'சுத்தமான வாயு' என்ற பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். கரிப்புகை குறைகிறது, சரி. ஆனால் இன்ஜின் எண்ணெய் எரிவதால் வரும் மிக நுண்ணிய துகள்கள் எரிவாயு வண்டியிலும் வருகின்றன. ஐரோப்பிய யூரோ 6 விதிகள் 23 நானோமீட்டருக்கு மேலான துகளைத்தான் எண்ணின, எரிவாயு இன்ஜினின் துகள்களில் பெரும்பகுதி அதற்குக் கீழே. யூரோ 7இல் அந்த வரம்பை 10 நானோமீட்டருக்கு இறக்கியிருக்கிறார்கள். அப்புறம் அம்மோனியா. மூன்றுவழி கன்வெர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும்போது பக்கவிளைவாக அம்மோனியா உண்டாகிறது, அது காற்றில் போய் மறுபடியும் நுண்துகளாக மாறுகிறது. பழைய டீசலோடு ஒப்பிட்டால் எரிவாயு இன்னும் மேல்தான். வடிகட்டி பொருத்திய புதிய டீசலோடு ஒப்பிட்டால் இடைவெளி நிறையவே சுருங்கிவிடும். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் சுத்தம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சாண எரிவாயு, குப்பையிலிருந்து எடுக்கும் வாயு பற்றியும் கேட்பார்கள். சுத்திகரித்தால் அதுவும் அதே மீத்தேன்தான். எப்படியும் காற்றில் போயிருக்கக்கூடிய வாயுவைப் பிடித்து எரித்தால் உண்மையான நன்மை. ஆனால் அதைத் தயாரிக்கும் கலனும் ஒழுகலாம், அதை எரிக்கும் இன்ஜினும் ஒழுகலாம். பிறப்பு எதுவானாலும் காற்றில் அதன் குணம் மாறாது.

இனி பாதுகாப்பு. 'டிக்கியில் குண்டு வைத்துக்கொண்டு போகிறாயா' என்று உறவினர் கேட்காத எரிவாயு வண்டிக்காரர் இருக்கமாட்டார். இந்தப் பயத்தில் ஒரு பாதி தவறு, ஒரு பாதி சரி, எது எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

தவறான பாதி: வாயு கசிந்தால் உடனே வெடிக்கும் என்பது. மீத்தேன் காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான். திறந்தவெளியில் கசிந்தால் மேலே எழும்பிக் கலைந்துவிடும். பெட்ரோல் சிந்தினால் தரையில் தேங்கும், அதன் ஆவியும் கனமானது, தவழ்ந்துபோய் நெருப்பைத் தேடும். மீத்தேன் எரிய வேண்டுமானால் காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை இருக்கவேண்டும், பெட்ரோல் ஆவிக்கு ஒன்றரை சதவீதமே போதும். தானாகத் தீப்பற்ற மீத்தேனுக்கு 540 டிகிரி அளவு வெப்பம் வேண்டும், பெட்ரோலுக்கு அதில் பாதி. அதனால் திறந்தவெளிச் சாலையில் வாயு கசிவதைப் பெட்ரோல் சிந்துவதைவிட மோசம் என்று சொல்ல முடியாது, பல நேரம் அதைவிட மேல்.

சரியான பாதி சிலிண்டர். மறுபடியும் அதே பேனா பேப்பர்: 60 லிட்டர் இடத்தில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட வாயு, தீயே பிடிக்காமல், வெறும் அழுத்தம் விடுபடும் வேகத்தில் வெளியிடும் ஆற்றல் அரை கிலோ டிஎன்டி வெடிமருந்துக்கும் மேல். சிலிண்டர் கிழிந்தால் முதல் அடி நெருப்பால் வருவதில்லை, இந்த அழுத்தத்தால் வருகிறது. ஆகவே எரிவாயு வண்டியில் பயப்படவேண்டிய ஒரே பெரிய விஷயம் சிலிண்டரின் சுவர் பலவீனப்படுவது. அது ஒரே நாளில் நடப்பதில்லை, வருடக்கணக்கில் மெதுவாக, பெரும்பாலும் யாரும் பார்க்காத பக்கத்தில் நடக்கிறது.

சிலிண்டர்களில் நான்கு வகை உண்டு. முழு உலோகம் (பெரும்பாலும் எஃகு), நடுவில் மட்டும் நார் சுற்றிய உலோகம், முழுக்க நார் சுற்றிய உலோகம், உள்ளே பிளாஸ்டிக் வைத்து முழுக்க நார் சுற்றியது. எஃகு கனம், ஆனால் அடி தாங்கும், அதன் எதிரி துரு. நார் சுற்றியது லேசு, அதன் எதிரிகள் வேறு: கீறல், அடி, அமிலம். 1994இல் அமெரிக்காவில் எரிவாயு பிக்கப் வண்டிகளில் கண்ணாடி நார் சுற்றிய சிலிண்டர்கள் வெடித்தபோது காரணம் அமிலம் என்று தெரிந்தது. அமிலம் பட்ட நார், சுமையில் இருக்கும்போது, ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே போகும். மேலே வெறும் கறைபோலத் தெரியும். 2016இல் ஜெர்மனியின் டுடர்ஷ்டாட் நகரில் ஒரு கார் வாயு நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் வெடித்து ஓட்டுநர் படுகாயமடைந்தார். அந்தச் சிலிண்டர்கள் எஃகு, வண்டியின் அடியில் மாட்டியவை, கல்லும் சேறும் உப்பும் வருடக்கணக்கில் அடித்து, பெயின்ட் போன இடத்தில் துரு சுவரைத் தின்றிருந்தது. நிரப்பும்போது வெடித்தது தற்செயல் இல்லை, சிலிண்டர் முழு அழுத்தத்தைத் தொடுவது அந்த நேரத்தில்தான். நிரப்பும்போது எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்கவேண்டும் என்ற விதி வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

உள்ளிருந்தும் அரிப்பு வரும். வாயுவில் ஈரமும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தால் எஃகில் வெடிப்பு விழும். நிரப்பு நிலையத்தில் வாயுவை உலர்த்தும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது அதனால்தான் முக்கியம், அதை வண்டிக்காரர் பார்க்கவும் முடியாது, கேட்கவும் மாட்டார். யாரோ ஒருவர் தம் வேலையைச் செய்கிறார் என்று நம்பித்தான் ஓட்டுகிறோம்.

வண்டியே தீப்பிடித்தால்? இதற்கென்று சிலிண்டர் வால்வில் ஒரு உருகு அடைப்பு இருக்கிறது. சுமார் 110 டிகிரியில் அது உருகி வழிவிடும், வாயு வெளியேறிவிடும், சிலிண்டர் வெடிக்காது. நல்ல ஏற்பாடு, பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் அது தன்மேல் படும் சூட்டை மட்டும்தான் உணரும். 2007இல் சியாட்டில் நகரில் நிறுத்திவைத்திருந்த கார்களுக்கு யாரோ தீவைக்க, அதிலிருந்த ஒரு எரிவாயு காரின் சிலிண்டரில் நெருப்பு ஒரு பக்கத்தை மட்டும் சுட்டது. அடைப்பு இருந்த முனைக்குப் போதிய சூடு சேரவில்லை, நார் எரிந்து பலமிழந்து, தீயணைப்பு வீரர்கள் நெருங்கிக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் வெடித்தது. நீளமான சிலிண்டர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சூட்டை உணரும் அமைப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்ததற்கு இப்படிப்பட்ட சம்பவங்கள் காரணம்.

அடைப்பு சரியாகவே திறந்தாலும் கதை முடிவதில்லை. 2012 அக்டோபரில் நெதர்லாந்தின் வாஸனார் நகரில் ஒரு எரிவாயுப் பேருந்து தீப்பிடித்தது, பயணிகள் இறங்கிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூரையில் இருந்த சிலிண்டர்களின் அடைப்புகள் திட்டமிட்டபடியே திறந்தன. ஆனால் வாயு பக்கவாட்டில் பீய்ச்சி, 15, 20 மீட்டர் நீளத்துக்கு நெருப்பு ஈட்டிபோல நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் வீடோ இன்னொரு பேருந்தோ இருந்திருந்தால்? வாயுவை எந்தத் திசையில் விடுவது என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று அதன் பிறகுதான் பலருக்கும் உறைத்தது.

மூடிய இடங்கள் தனிக் கவலை. மீத்தேன் மேலே போகும் என்பது திறந்தவெளியில் வரம், கூரைக்குக் கீழே சாபம். பெட்ரோல் வண்டிகளுக்காகக் கட்டிய பட்டறையில் காற்றுப்போக்கி தரைமட்டத்தில் இருக்கும், விளக்கும் வெல்டிங் வேலையும் மேலே இருக்கும். மீத்தேனுக்கு எல்லாமே தலைகீழ். எரிவாயு வண்டியைப் பழுதுபார்க்கும் இடத்தின் உச்சியில் வெளியேறும் வழி இருக்கவேண்டும், அங்கேயே வாயுவை உணரும் கருவியும் இருக்கவேண்டும்.

எல்என்ஜி லாரியில் இன்னும் ஒரு திருப்பம். திரவம் சூடேறி ஆவியாகிக்கொண்டே இருக்கும், வண்டி ஓடினால் இன்ஜின் அதைக் குடித்துவிடும். நிறுத்திப்போட்டால் டாங்கில் அழுத்தம் ஏறி, ஐந்தாறு நாளில் வால்வு திறந்து மீத்தேனைக் காற்றில் விடும். பாதுகாப்புக்காகச் செய்வது, ஆனால் பருவநிலைக் கணக்கில் நேராகச் சேரும், மூடிய கொட்டகைக்குள் நிறுத்தியிருந்தால் பாதுகாப்பும் போச்சு. அதோடு இந்த ஆவி குளிர்ந்திருக்கும்வரை காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழும். இன்னும் மோசம், எல்என்ஜிக்கு வாசனை கிடையாது. சிஎன்ஜியில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலந்திருப்பார்கள், எரியத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியவேண்டும் என்பது பல நாட்டு விதி. அவ்வளவு குளிரில் அந்த நாற்றப்பொருள் உறைந்துவிடும், கலக்க முடியாது. எல்என்ஜி வண்டிக்கு மூக்கு என்றால் கருவிதான், அது பழுதாகிவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஆனால் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இதில் எதற்கும் இல்லை, சமையல் எரிவாயு சிலிண்டரை மாட்டி சிஎன்ஜி நிரப்பி ஓட்டும் வேலைக்குத்தான். சமையல் வாயுவான எல்பிஜிக்கான சிலிண்டர் இதைவிட மிகக் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. அதில் 200 பார் வாயுவைச் செலுத்துவது விபத்து அல்ல, தெரிந்தே செய்யும் கொலைவேலை. அதற்கு அடுத்த படி, அனுமதியில்லாத இடத்தில் பழைய சிலிண்டரைப் புதுப் பெயின்ட் அடித்து மாட்டுவது, இரும்புக் குழாய்க்குப் பதில் கிடைத்த ஹோஸைப் போடுவது, சிலிண்டரைக் கட்டும் பட்டையை இறுக்காமல் விடுவது. செலவு மிச்சம் என்று செய்கிறார்கள். பின் சீட்டில் உட்காரும் பிள்ளைக்கும் அந்தச் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சும் ஒரு அட்டையும்தான் இருக்கின்றன.

சோதனை முறை பழையது, எளியது. நாட்டைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிக்கவேண்டும். பல நாடுகளில் அதைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 300 பாருக்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். தண்ணீர் ஏன் என்றால் அது அமுங்காது, அதில் ஆற்றல் சேராது, சிலிண்டர் கிழிந்தாலும் ஒரு சத்தத்தோடு தண்ணீர் கொட்டி முடிந்துவிடும். சில நாடுகளில் கண்ணால் பார்க்கும் சோதனை மட்டும் போதும் என்று வைத்திருக்கிறார்கள். நார் சுற்றிய வகைக்குத் தேர்ந்த கண் வேண்டும், எல்லோராலும் முடியாது. சிலிண்டருக்கு ஆயுளும் உண்டு, தயாரித்ததிலிருந்து 15 அல்லது அதிகபட்சம் 20 ஆண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது பழைய இரும்புக் கடைக்குத்தான், அதுவும் துளைபோட்டு.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? சிலிண்டரைச் சோதிப்பது பாதுகாப்பு என்று ஒரு துறையிடம் இருக்கிறது, சைலன்சர் புகையை அளப்பது சுற்றுச்சூழல் என்று இன்னொரு துறையிடம். ஒரு இணைப்பில் மெதுவாக ஒழுகும் வாயு இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. வெடிக்கும் அளவுக்கு இல்லை என்று முதலாமவர் விட்டுவிடுவார், சைலன்சர் வழியாக வரவில்லை என்று இரண்டாமவர் அளக்கமாட்டார். முன்பு சொன்ன அந்த 90 கிராமில் ஒரு பங்கு இப்படித்தான் யார் கணக்கிலும் வராமல் போய்விடக்கூடும். வண்டி சோதனைக்கு வரும்போது மீத்தேனை உணரும் கருவியை ஒருமுறை எல்லா இணைப்புகளிலும் கிராங்க்கேஸ் வாயிலும் காட்டினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். சில நிமிட வேலை.

அதுவரை வீட்டிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறந்து சிலிண்டரில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். தயாரித்த ஆண்டு, கடைசியாகச் சோதித்த மாதம், வேலை அழுத்தம் எல்லாம் அங்கேயோ பக்கத்துத் தகட்டிலோ இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் அதுவே ஒரு தகவல். பட்டைக்குக் கீழே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், துரு முதலில் பிடிப்பது ஈரம் தேங்கும் அந்த இடத்தில்தான். அப்புறம் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைக் கரைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, சிலிண்டர் வால்வு கழுத்திலும் குழாய் சேரும் ஒவ்வொரு நட்டிலும் பிரஷ்ஷால் தடவி, அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு என்றால் உடனே நுரை பொங்கும். சின்னக் கசிவு அப்படி இல்லை, ஓர் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக வளரும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று வளரும். அப்படி ஒன்றைக் கண்டால் நட்டை நீங்களே இறுக்கவேண்டாம், 200 பார் ஏறிய குழாயில் ஸ்பேனர் வைப்பது பயிற்சி உள்ளவர் வேலை. சிலிண்டர் வால்வை மூடி, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு, பெட்ரோலிலும் ஓடும் வண்டி என்றால் பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு அனுமதி பெற்ற பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.